டிஎம்1ஏ சுண்டெலி: வாங்கலாம், ஆனால் வந்தபடியே சோதனைக்குப் போடாதீர்கள்

மரபணு மாற்றிய எலிகளைத் தரும் களஞ்சியங்களின் பட்டியலில் ‘நாக்அவுட்’, அதாவது ஒரு மரபணுவை எடுத்துவிட்ட எலி, என்று போட்டிருக்கும். பெட்டியில் வருவதோ இனிமேல்தான் நாக்அவுட் ஆக்கவேண்டிய சுண்டெலி. இந்த வித்தியாசம் புரியாமல் டிஎம்1ஏ வரிசையை வாங்கி, நேரே சோதனைக்குப் போட்டு, வருடம் ஒன்று போனபிறகு விழிப்பவர்கள் இன்றும் உண்டு. அதனால் மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். மூலப்பொருளாக வாங்கினால் ஐந்துக்கு நாலரை. வந்ததை அப்படியே ‘மரபணு இல்லாத எலி’ என்று நம்பினால் ஐந்துக்கு இரண்டு, அதுவும் தாராள மனசோடு.

ஒரு மரபணுவுக்கு என்ன வேலை என்று அறிய, அதை எடுத்துவிட்டு உடலில் எது கெடுகிறது என்று பார்ப்பதுதான் நாக்அவுட் முறை. முதல் நாக்அவுட் சுண்டெலிகள் 1989ல் வந்தன. அப்போதெல்லாம் டிஎன்ஏ துண்டைக் கட்டுவதிலிருந்து கரு ஸ்டெம் செல்லில் ஏற்றுவது வரை எல்லாம் சொந்தச் சமையல். 2007ல் கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் இதற்காக நோபல் கிடைத்தது. அதே சமயத்தில் அமெரிக்காவின் கோம்ப், ஐரோப்பாவின் யூகாம், கனடாவின் நார்காம் முதலிய திட்டங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து, சுண்டெலியின் புரத மரபணுக்களுக்கெல்லாம் மாற்றிய செல்களைச் செய்து வைக்க இறங்கின. அந்தக் களஞ்சியத்தில் அதிகம் புழங்கும் வடிவம்தான் இந்த டிஎம்1ஏ. கரு ஸ்டெம் செல்லாக, உறைந்த விந்தாக, உறைந்த கருவாக, சில வரிசைகளுக்கு உயிருள்ள எலியாகக்கூடக் கிடைக்கும்.

முதலில் லேபிளைப் படிக்கப் பழகவேண்டும். ‘எஸ்எல்சி25ஏ21 டிஎம்1ஏ (கோம்ப்) டபிள்யூடிஎஸ்ஐ’ என்று இருந்தால்: மரபணுவின் பெயர், அதில் குறிவைத்துச் செய்த முதல் மாற்றத்தின் ஏ வடிவம், திட்டத்தின் பெயர், செய்த ஆய்வகத்தின் குறியீடு. கடைசியில் இருப்பது இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் சாங்கர் நிறுவனம் (இப்போதைய பெயர் வெல்கம் சாங்கர் நிறுவனம்). டிஎம்1க்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை எழுத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஏ வடிவத்தில் மரபணுவுக்குள் இருப்பதை வரிசையாகச் சொன்னால் இப்படி. முதலில் ஒரு எஃப்ஆர்டி தளம், அதாவது ஃப்ளிப் என்ற என்சைம் வெட்டும் குட்டை டிஎன்ஏ அடையாளம்; இப்படி இரண்டு இருந்தால் நடுவில் உள்ளதை என்சைம் எடுத்துவிடும். பிறகு, ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது வழியை மறித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ‘ஸ்ப்ளைஸ் அக்செப்டர்’. அது என்கிரெய்ல்டு-2 மரபணுவிலிருந்து எடுத்தது. அதன் பின்னால் நீலச் சாயம் தரும் லாக்இசட். பிறகு முதல் லாக்ஸ்பி; இது க்ரீ என்ற இன்னொரு என்சைமுக்கான அதே மாதிரி அடையாளம். அடுத்து, மனித பீட்டா ஆக்டின் ப்ரமோட்டரின் (மரபணுவை ஓடவைக்கும் பகுதியின்) தயவில் ஓடும் நியோ என்ற மருந்து எதிர்ப்பு மரபணு. பிறகு இரண்டாவது எஃப்ஆர்டி, இரண்டாவது லாக்ஸ்பி, அதையடுத்து ‘முக்கிய எக்ஸான்’ (எக்ஸான் என்பது வெட்டி ஒட்டிய பிறகும் ஆர்என்ஏவில் தங்கும் மரபணுத் துண்டு), கடைசியாக மூன்றாவது லாக்ஸ்பி. முக்கிய எக்ஸானைக் கண்டபடி தேர்ந்தெடுப்பதில்லை. அந்த மரபணுவின் எல்லா ஆர்என்ஏ வடிவங்களிலும் அது இருக்கவேண்டும். எடுத்தால் எழுத்து வரிசை மூன்று மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு குலையவேண்டும்.

ஃப்ளிப் என்சைமைக் காட்டினால் எஃப்ஆர்டிக்கு நடுவில் உள்ள லாக்இசட்டும் நியோவும் போய்விடும். மரபணு பழையபடி வேலை செய்யும். எக்ஸானின் இருபுறமும் லாக்ஸ்பி மட்டும் காவல் நிற்கும். இது டிஎம்1சி. இதற்குப் பிறகு க்ரீ காட்டினால் எக்ஸான் போய் டிஎம்1டி ஆகும். ஃப்ளிப் இல்லாமல் நேரே ஏ வடிவத்துக்கு க்ரீ காட்டினால் நியோவும் எக்ஸானும் சேர்ந்து போய், லாக்இசட் மட்டும் தங்கும். அது டிஎம்1பி. மரபணு செத்தது என்று ஓரளவு நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவை பியும் டியும்தான். ஏவில் எக்ஸான் எதுவும் தொலையவில்லை. மறிப்பு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். செல் சில நேரம் அந்த மறிப்பைத் தாண்டிக் குதித்து, பழைய எக்ஸான்களை ஒட்டி நல்ல ஆர்என்ஏவைச் செய்துவிடும். எவ்வளவு ஒழுகும் என்பது மரபணுவுக்கு மரபணு, திசுவுக்குத் திசு மாறும்.

மேலே லேபிளுக்கு உதாரணம் காட்டிய எஸ்எல்சி25ஏ21 கதையை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளின் இரண்டு குறைகளும் அந்த ஒரே எலியில் தெரிந்தன. அது மைட்டோகாண்ட்ரியாவில் 2-ஆக்சோஅடிபேட்டைக் கடத்தும் புரதம். டிஎம்1ஏ ஹோமோ எலிகளுக்கு, அதாவது இரண்டு நகலும் மாறியவற்றுக்கு, முகத்திலும் வாயிலும் கோளாறு, மணிக்கட்டு எலும்பில் மாற்றம், நடுக்காதில் அழற்சி, கேட்கும் திறன் குறைவு என்று ஒரு பட்டியலே வந்தது. எதிர்பார்த்த வளர்சிதைமாற்ற நோய் மட்டும் வரவில்லை. மரபணுவின் வெளிப்பாட்டை அளந்தால் 71.3 சதவீதம்தான் குறைந்திருந்தது. கால் பங்குக்கு மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரி, முழுதாக எடுத்துப் பார்ப்போம் என்று பியும் டியும் செய்தார்கள். இரண்டும் இயல்பான எலியிலிருந்து பிரித்தறிய முடியாதபடி நன்றாக இருந்தன! பாதி எடுத்தால் நோய், முழுதாக எடுத்தால் சுகம் என்றால் கணக்கு இடிக்கிறதே. பக்கத்து மரபணுவான பாக்ஸ்9ஐ அளந்தபோதுதான் பிடிபட்டது: டிஎம்1ஏ எலியில் அதன் வெளிப்பாடு குறைந்திருந்தது. நியோ கேசட், அதாவது ப்ரமோட்டரோடு சேர்ந்த நியோ துண்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டு விளக்கை மங்கவைத்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2014ல் இதை வெளிப்படையாக எழுதினார்கள். ஏ வடிவத்தோடு நின்றிருந்தால் அந்தக் காது நோய் முழுவதும் தவறான மரபணுவின் கணக்கில் ஏறியிருக்கும்.

ஆகவே ஏவை வாங்கியவுடன் முதல் வேலை, அதை பியாக மாற்றுவது. இதற்கு இரண்டு வழி. உடல் முழுக்க க்ரீ ஓடும் எலியோடு சேர்ப்பது பழைய வழி; அடுத்த தலைமுறையில் இயல்பான எலியோடு சேர்த்து க்ரீயைக் கழற்றிவிடவேண்டும். இன்னொன்று, உறைந்த விந்தைச் சோதனைக்குழாயில் கருவாக்கும்போதே, செல்லுக்குள் நுழையக்கூடிய க்ரீ புரதத்தில் கருவை ஊறவைப்பது. ஒரு தலைமுறை மிச்சம். கழற்றவேண்டிய க்ரீ மரபணுவும் இல்லை. எந்த வழியானாலும் ஒரு பள்ளம் உண்டு: மூன்று லாக்ஸ்பி இருப்பதால் க்ரீ முதலிரண்டை மட்டும் சேர்த்துவைத்து, நியோவை எடுத்துவிட்டு எக்ஸானை விட்டுவிடலாம். நியோவுக்கு மட்டும் பிசிஆர் போட்டு ‘போய்விட்டது, பி வந்துவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். முக்கிய எக்ஸானுக்கும் தனியாகப் போட்டுப் பார்க்கவேண்டும். முதல் தலைமுறைக் குட்டிகள் கலவையாக இருக்கும் என்பதால், அடுத்த தலைமுறையில் ஒரே மாதிரி வந்த பிறகே எலிக் காலனியை நிலைப்படுத்தலாம்.

உறைந்த விந்து வாங்குபவர்கள் கவனிக்கவேண்டியது: கருப்பு-6 வகை எலிகளின் விந்து உறையவைத்தால் மற்ற இனங்களைவிட அதிகம் சோர்ந்துபோகும். சாதாரண முறையில் உருக்கிக் கருவாக்கினால் ஏமாற்றம்தான். விந்து உறைந்திருக்கும் ஸ்ட்ராவை (மெல்லிய குழாயை) 37 டிகிரி தண்ணீரில் உருக்கி, மீத்தைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த ஊடகத்தில் சுமார் 30 நிமிடம் வைத்துவிட்டு, குளூட்டாதயோன் சேர்த்த ஊடகத்தில் உள்ள முட்டைகளோடு சேர்த்தால் கணிசமாகத் தேறும். பெண் எலிகளுக்கு முதல் ஹார்மோன் ஊசி, 46 முதல் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது. திரவ நைட்ரஜன் கலம் வந்து சேரும் நாளுக்கும் இந்த ஊசிக் கணக்குக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சுங்கத்தில் ஒரு நாள் நின்றால் எலிகள் வீண். வந்ததைச் சொந்தக் கலத்துக்கு மாற்றிவிட்டு, நிதானமாக நாள் குறிப்பதே நல்லது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை ஆர்டர் போடும் முன்பே வாங்கியிருக்கவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஒரே ஈற்றில் கருப்புக் குட்டிகளோடு பழுப்புக் குட்டியும் பிறந்தால் கூண்டு கலந்துவிட்டது என்று பதறவேண்டாம். இந்த வரிசைகளில் பல, ஜேஎம்8ஏ என்ற செல்லிலிருந்து வந்தவை. அதில் ரோம நிறத்துக்கான அகூட்டி மரபணுவின் ஒரு நகலைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள், கலவை எலியை நிறத்தால் அடையாளம் காண்பதற்காக. அது சந்ததியில் பிரிந்து வரும். நடத்தைச் சோதனை செய்பவர்கள் மட்டும் ஒரே நிறக் குட்டிகளாக எடுத்துக்கொள்வது நல்லது. கேமரா வைத்து எலியின் நடமாட்டத்தைப் பின்தொடரும் மென்பொருள் பழுப்பையும் கருப்பையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை.

நிறத்தைவிடப் பெரிய தலைவலி, கண்ணுக்குத் தெரியாத பின்புலம். இந்தச் செல்கள் கருப்பு-6 இனத்தில் சி57பிஎல்/6என் என்ற கிளை. ஆய்வகங்களில் உள்ள ஃப்ளிப், க்ரீ எலிகளில் பெரும்பாலானவை 6ஜே கிளை. இரண்டையும் ‘பி6’ என்று ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 6என் எலியில் சிஆர்பி1 மரபணுவில் ஆர்டி8 என்ற பழுது இருக்கிறது. விழித்திரையில் புள்ளி புள்ளியாகக் கோளாறு வரும். 6ஜே எலியில் என்என்டி மரபணுவின் 7 முதல் 11 வரையிலான எக்ஸான்கள் இல்லை; சர்க்கரையைச் சமாளிப்பதில் அது சுணங்கும். 6என் ஏவையும் 6ஜே க்ரீயையும் சேர்த்தால் இந்த இரண்டும் சந்ததியில் குலுக்கல் முறையில் பிரியும். கண்ணையோ நீரிழிவையோ ஆராய்பவர் இதைப் பார்க்காமல் போனால், தன் மரபணு செய்யாத காரியத்துக்கு அதைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவார். தீர்வு மலிவானது: ஆர்டி8க்கும் என்என்டிக்கும் ஆளுக்கொரு பிசிஆர், ஒப்பிடுவதற்கு எப்போதும் அதே ஈற்றில் பிறந்த உடன்பிறப்பு. கடையில் வாங்கிய பி6 எலியை வைத்து ஒப்பிடுவது சோம்பேறித்தனம்.

இருந்தாலும் இந்தக் களஞ்சியம் 6என் செல்லில் செய்யப்பட்டது பெரிய வரம் என்றே சொல்லவேண்டும். முன்பு 129 என்ற இனத்தின் செல்லில் செய்து, பிறகு பி6 எலியோடு பல தலைமுறை சேர்ப்பார்கள். எத்தனை தலைமுறை சேர்த்தாலும் மாற்றிய மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள 129 துண்டு ஒட்டிக்கொண்டே வரும். காஸ்பேஸ்-1 நாக்அவுட் எலிக்கு நேர்ந்தது அதுதான். அதன் பக்கத்திலேயே இருக்கும் காஸ்பேஸ்-11, 129 இனத்தில் இயல்பாகவே பழுதானது. எலிகள் கிருமி நச்சின் அதிர்ச்சியைத் தாங்கியதை வருடக்கணக்காக காஸ்பேஸ்-1 இல்லாததன் பலன் என்று எழுதிவந்தார்கள். 2011ல்தான் அதில் முக்கியப் பங்கு 11உடையது என்று தெரிந்தது.

கணக்குக்கு வருவோம். ஹெட் என்றால் ஒரு நகல் மட்டும் மாறியது. ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நான்கில் ஒன்று ஹோமோ. இந்த எலிகளைச் சோதிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பின் சோதனை வரிசையைப் போல ஆண் 7, பெண் 7 ஹோமோ வேண்டுமென்றால் காகிதக் கணக்கில் 56 குட்டி. காகிதத்தை நம்பாமல் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் மறக்கடிக்கும் வயதுவரை ஒரு ஈற்றில் 6 குட்டி தங்கும் என்று கொண்டால் 13, 14 ஈற்று. ஏழு ஜோடிக் கூண்டு, ஜோடிக்கு இரண்டு ஈற்று. சினைக்காலம் 19, 20 நாள். பால் மறக்கடிக்க 21 நாள். இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6 முதல் 8 வாரம். ஆக ஒரு தலைமுறைக்கு எவ்வளவு அவசரப்பட்டாலும் 10 வாரம். குறிப்பிட்ட திசுவில் மட்டும் மரபணுவை எடுக்க சி வடிவம் செய்பவர்களுக்கு ஃப்ளிப்போடு ஒன்று, ஃப்ளிப்பைக் கழற்ற ஒன்று, க்ரீயைச் சேர்க்க ஒன்று, கடைசிக் கலப்பு ஒன்று என்று நாலு தலைமுறை. நிதி விண்ணப்பத்தில் ‘ஆறு மாதத்தில் எலி தயார்’ என்று எழுதியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

28 குட்டிகளைப் பார்த்தும் ஒரு ஹோமோகூட இல்லையென்றால் துரதிர்ஷ்டம் என்று தட்டிக்கழிக்க முடியாது. தற்செயலாக அப்படி நடக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றுதான். மரபணு இல்லாமல் கரு பிழைக்கவில்லை என்று பொருள். உடனே சினை எலிகளிடமிருந்து 12.5 நாள் கருவை எடுத்துப் பாருங்கள். அங்கே ஹோமோ உயிரோடு இருந்தால் 15.5, 18.5 என்று பின்னால் போகலாம், இல்லையென்றால் 9.5க்கு முன்னால் வரவேண்டும். பிறந்த பின் சாகிறதா என்று பார்க்க, குட்டி ஈன்ற அன்றே எண்ணவேண்டும். செத்த குட்டியைத் தாய் தின்றுவிடும். மறுநாள் எண்ணினால் தடயம் இருக்காது.

மரபணு வகை பார்ப்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். 2 மில்லிமீட்டர் வால் நுனி அல்லது காதுத் துளைத் துண்டு போதும். 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏவும் கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டரில் போட்டு, 95 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ் அமிலக் கரைசல் சேர்த்தால் டிஎன்ஏ தயார். சி வடிவ ஹெட்டுகளில், டிஎன்ஏ துண்டுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் இரண்டு பட்டைக்குப் பதில் மேலே மங்கலாக மூன்றாவது ஒன்று தெரியும். அது அசுத்தம் அல்ல. இரண்டு நகலின் இழைகளும் மாறி ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்வது. வாங்கிய உடனே செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு: மூன்றாவது லாக்ஸ்பி இருக்கிறதா என்று பிசிஆர். செல்லில் ஏற்றும்போதே சில செல் நகல்களில் அது தவறிப்போயிருக்கும். அவற்றுக்கு டிஎம்1இ என்று பெயர். அவற்றிலிருந்து எக்ஸானை எடுக்கவே முடியாது. லாக்ஸ்பி 34 எழுத்துதான் என்பதால் 1 சதவீத ஜெல்லில் பட்டை ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். 2.5 சதவீதமாவது ஊற்றுங்கள்.

டிஎன்ஏ அளவில் எக்ஸான் போனதோடு வேலை முடியாது. முந்தைய எக்ஸானில் ஒரு ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ), அடுத்த எக்ஸானில் ஒன்று வைத்து ஆர்என்ஏவிலிருந்து பிசிஆர் போட்டு, வந்த துண்டின் எழுத்துகளைப் படிக்கவேண்டும். மூன்று மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு குலையாத வேறு ஒட்டு எதுவும் உருவாகவில்லையே என்று அதில்தான் தெரியும். பிறகு புரதம். ஆன்டிபாடி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்று பாருங்கள். நீக்கிய பகுதியையே பிடிக்கும் ஆன்டிபாடி, குட்டையான புரதம் மிச்சமிருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் காட்டும். பாக்ஸ்9 பாடத்துக்காக, இருபுறமும் உள்ள பக்கத்து மரபணுக்களையும் ஒரு கியூபிசிஆர் தட்டில் சேர்த்து அளந்துவிடுங்கள்.

லாக்இசட் இந்தப் பொருளோடு வரும் இலவச இணைப்பு, நல்ல இணைப்பு. மரபணு எந்தத் திசுவில் எழுதப்படுகிறது என்று நீலமாகக் காட்டும். லாக்இசட் என்சைம் பட்டால் நீலமாகும் எக்ஸ்-கால் மில்லிக்கு 1 மில்லிகிராம், ஃபெர்ரி, ஃபெர்ரோ சயனைடுகள் தலா 5 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார் என்பது வழக்கமான கலவை. பிஹெச் 7.3க்குக் கீழே இறங்கவிடக்கூடாது. இறங்கினால் சிறுநீரகம், குடல், விந்து முதிர்குழல், எலும்பு ஆகியவற்றில் எலியின் சொந்த என்சைமே நீலமாக்கும். மாறாத உடன்பிறப்பின் அதே உறுப்பை அதே குப்பியில் போடாமல் எடுத்த நீலப் படத்தை நம்பவேண்டாம்.

குறிப்பிட்ட திசுவில் மட்டும் ஓடும் க்ரீ பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. லாக்ஸ்பி இல்லாமல் க்ரீ மட்டும் உள்ள எலியும் ஒப்பீட்டுக் குழுவில் இருக்கவேண்டும். நரம்புக்கான நெஸ்டின்-க்ரீ எலி தனியாகவே எடை குறைந்திருக்கும். இதயத்துக்கான எம்ஒய்ஹெச்6-க்ரீ வயதான எலியின் இதயத்தைத் தானே கெடுக்கும்.

‘இதெல்லாம் எதற்கு, டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் நேரே வெட்டும் கிரிஸ்பர் இருக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு: உடல் முழுக்க மரபணுவை எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சரியான கேள்வி. எக்ஸானின் இருபுறமும் வெட்டி எடுப்பது வேகமானது, நியோ தொல்லையும் இல்லை. கூட்டமைப்பே அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் இருபுறமும் லாக்ஸ்பி பொருத்திய எலி வேண்டுமென்றால் நிலைமை வேறு. இரண்டு குட்டை டிஎன்ஏ இழைகளை ஊசி போடும் முறையை 2019ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து சரிபார்த்தபோது வெற்றி விகிதம் 1 சதவீதத்தைத் தொடவில்லை. நீளமான ஒற்றை இழை முறை மேல். அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். உங்கள் மரபணுவுக்கு டிஎம்1ஏ விந்து ஏற்கெனவே உறைந்து கிடக்கிறது என்றால் அதை வாங்கி ஃப்ளிப் எலியோடு சேர்ப்பதுதான் இன்றைக்கும் சுருக்கு வழி.

ஆர்டர் போடும் முன் களஞ்சியத்திடம் நாலு கேள்வி கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள்: எந்த செல் நகலிலிருந்து வந்தது, மூன்றாவது லாக்ஸ்பி சரிபார்த்ததா, நியோ ப்ரமோட்டரோடு உள்ளதா இல்லாததா, 6என் எலியோடு மட்டும் சேர்த்ததா அல்லது நடுவில் 6ஜே கலந்ததா. பியும் சியும் கையில் வந்ததும் வடிவத்துக்கு இரண்டு, மூன்று ஆண் எலிகளின் விந்தை உறையவைத்துவிட்டு ஏ கூண்டுகளைக் காலி செய்யலாம். ஏவின் விந்திலும் சில ஸ்ட்ரா இருக்கட்டும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.